கண்ணுக்கு யாரும் மஞ்சள் பூசுவதில்லை

“அழவே அழாது, சமத்துப் பிள்ளை” என்று யாராவது பச்சைக்குழந்தையைப் பற்றிச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. போன மாதம் வோட்டுவாலேவில் ஒரு வீட்டுக்குக் குழந்தை பார்க்கப் போயிருந்தேன். பிறந்து ஐந்து நாள். பெற்றவளின் மாமியார் முகமெல்லாம் சிரிப்பாக, “பாலுக்குக்கூட எழுந்திரிக்கிறதில்லம்மா, அவ்ளோ நல்ல புள்ள” என்றார். நான் கையிலிருந்த டீ கோப்பையைக் கீழே வைத்தேன். நேரே தொட்டிலுக்குப் போய்க் குழந்தையின் உள்ளங்காலை இரண்டு சுண்டு சுண்டினேன். வீல் என்று ஒரு கத்தல். கண்ணைத் திறக்கும்வரை நான் விடவில்லை. திறந்த கண்ணை நன்றாகப் பார்த்த பிறகுதான் வந்து டீயைக் குடித்தேன். வீடே என்னை முறைத்தது. மரியாதை தெரியாத கிழவி என்று நான் வாசலைத் தாண்டியதும் சொல்லியிருப்பார்கள். சொல்லட்டும், எனக்கென்ன.

என் மூத்த மகளால் வந்த பழக்கம் இது. அவளுக்கு இதைப் படிக்கத் தெரியாது. வீட்டில் இந்தி, ஆபீஸில் இங்கிலீஷ், தமிழில் திட்டினால் மட்டும் புரியும். அதனால் கூச்சப்படாமல் எழுதுகிறேன்.

அவள் பிறந்தபோது நாங்கள் லோவுவில் இருந்தோம். இந்தத் தீவு நாடு சுதந்திரம் வாங்கி ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். என் வீட்டுக்காரர் ரராவாய் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். கரும்பு அரைக்கிற மாதங்களில் அங்கேயே தங்கிவிடுவார். சனிக்கிழமை மத்தியானம் வருவார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்விடுவார். மற்ற நாட்களில் வீட்டில் நானும் அவருடைய அக்காவும்தான். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணிக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. ஒரே ஒரு குழந்தை பெற்று, அதைப் பறிகொடுத்து, பின்னால் புருஷனையும் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டோடு வந்தவர். அடுப்படி அவர் ராஜ்யம். சாமான் கழுவுகிற சத்தத்திலேயே அன்றைக்கு அவர் மனநிலை எப்படி என்று எனக்குத் தெரிந்துவிடும். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம். ஆனால் நாங்கள் சண்டை போட்டது குறைவு, ஏனென்றால் நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேசி முடித்திருப்பார்.

அந்த அண்ணிக்கு ஒரு வார்த்தை மட்டும் வாயில் வராது. எட்டாம் மாதம். பிள்ளைத்தாச்சியின் எட்டாம் மாதத்தை அவர் “அந்த மாசம்” என்றுதான் சொல்வார். அவருடைய பையன் அந்த மாதத்தில் பிறந்து ஒன்பது நாள் இருந்தானாம். எங்கள் ஆட்களுக்குள் அப்போது ஒரு நம்பிக்கை இருந்தது. ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளைகூடப் பிழைத்துக்கொள்ளும், எட்டில் பிறந்தது மட்டும் பிழைக்காது. எந்தக் கணக்கில் இப்படி என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

எனக்கு அம்மா வீடு பக்கத்துத் தீவில், லம்பாசாவில். கப்பலில் போக வேண்டும். ஏழாம் மாதம் வளையல் போட்டார்கள். “அந்த மாசத்துல படி தாண்டக் கூடாது, அது முடியட்டும், ஒன்பது பொறந்ததும் கப்பலேத்தி விடுறேன்” என்றார் அண்ணி. சரி என்று நானும் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டாம் மாதம் முடிய இன்னும் சில நாள் இருந்தது. ஒரு காலை, கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது பனிக்குடம் உடைந்துவிட்டது. கால் வழியே தண்ணீர் இறங்குகிறது, நான் கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு அப்படியே நிற்கிறேன். அண்ணிதான் ரோட்டுக்கு ஓடி டாக்ஸியை மறித்தார்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் மேஜைக்குப் பின்னால் இருந்த நர்ஸ் கார்டு கேட்டாள். மாதாமாதம் கிளினிக்கில் எழுதித் தருகிற மஞ்சள் அட்டை.

“வீட்ல விட்டுட்டோம்” என்றார் அண்ணி.

“கெத்னா மஹினா?” எத்தனை மாதம் என்று கேட்டாள் நர்ஸ்.

நான் வாயைத் திறந்தேன். அண்ணி முந்திக்கொண்டார். “நவ் மஹினா பூரா.” ஒன்பது மாதம் முழுசு.

எனக்குப் புரிந்துவிட்டது. முந்தின நாள்கூட அந்தக் கார்டை அலமாரி மேல் பார்த்தேன். டாக்ஸியில் ஏறும்போது அதை எடுக்கப் போனவரும் அண்ணிதான். சொல்லியிருக்க வேண்டும். வலியில் இருந்தேன், அதனால் சொல்லவில்லை என்று பல பேரிடம் பல வருடம் கதைவிட்டிருக்கிறேன். உண்மை அதுவல்ல. அந்த மாதத்தின் பெயரைச் சொல்ல எனக்கும் பயமாகத்தான் இருந்தது. எங்கள் ஆட்களின் சங்கம் நடத்திய பள்ளிக்கூடத்தில் தமிழும் இங்கிலீஷும் படித்தவளாம். பெருமைக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

பெண் குழந்தை. எடை ஐந்து ராத்தலுக்குக் கொஞ்சம் மேலே, இரண்டேகால் கிலோ போல. பிறந்ததும் அழுதாள், மாரில் வைத்ததும் வாயைப் போட்டாள். விரல், நகம், முடி எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒன்பது மாதத்துப் பிள்ளை, கொஞ்சம் பொடிசு, அவ்வளவுதான் என்று எழுதிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. நாங்கள் சொன்னதைத்தானே எழுதுவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி வேலையைத் தொடங்கிவிட்டார். தினமும் காலையில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை முழங்காலில் போட்டு, எண்ணெய் தடவி, கடலை மாவும் மஞ்சளும் குழைத்துப் பூசிக் குளிப்பாட்டுவார். மஞ்சள் கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் கொல்லையில் விளைந்த மஞ்சள், வேகவைத்துக் காயவைத்து இடித்தது, தாராளம். நெற்றி, கன்னம், மார், கை, கால் எல்லாம் மஞ்சள். சுற்றுவதும் மஞ்சளில் நனைத்துக் காயவைத்த பழைய வேட்டித் துணி. குளிப்பாட்டி சாம்பிராணி காட்டித் தொட்டிலில் போட்டால் அவள் தூங்குவாள், தூங்குவாள், தூங்கிக்கொண்டே இருப்பாள்.

“என்னா சமத்து பாரு! அழறாளா? ஒரு சத்தம்! தங்கம்டி உம்மவ” என்பார் அண்ணி.

எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். மாரில் வைத்தால் இரண்டு இழுப்பு இழுப்பாள், வாய் நின்றுவிடும், தூங்கிவிடுவாள். எனக்குப் பால் கட்டிக் கல்லாக வலித்தது. “சின்ன வயிறு, அவ்ளோதான் புடிக்கும்” என்றார் அண்ணி. ஆறாம் நாள் துணியைத் துவைக்கும்போது ஒண்ணுக்குப் போன இடம் கரும் மஞ்சளாக இருந்தது. அதுவும் நாலு துணிக்குப் பதில் ஒரே ஒரு துணி. மஞ்சள் தண்ணி துணியில் இறங்கியிருக்கும் என்று நினைத்து நீலம் போட்டுத் துவைத்துக் காயவைத்தேன். என் மரமண்டையை என்னவென்று சொல்வது!

ஏழாம் நாள் காலையில் வட்டாரத்து நர்ஸ் வந்தார். காய்வித்திப் பெண்மணி, அதாவது இந்தத் தீவின் பூர்வகுடிக்காரர். ஆளும் பெரிது, குடையும் பெரிது, சிரிப்பு இரண்டையும்விடப் பெரிது. பிள்ளை பெற்ற வீடுகளுக்கெல்லாம் வந்து பார்ப்பது அவர் வேலை. அவர் எங்களோடு பேசியது இந்தியில். ஆனால் என் நினைவில் அது தமிழாகவே நின்றுவிட்டது.

“புலா!” என்று அவர்கள் பாஷை வணக்கத்தோடு உள்ளே வந்தார். “எங்கே நம்ம பொண்ணு?”

அண்ணி அப்போதுதான் குளிப்பாட்டி முடித்திருந்தார். பொன்னாகப் பளபளத்த குழந்தையைப் பெருமையாக நீட்டினார். நர்ஸ் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நெற்றியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். மஞ்சள் விரலில் ஒட்டியது.

“ஹல்தி” என்று சிரித்தார். “எங்க கிராமத்துலயும் இதை ரெரெங்கான்னு சொல்லிப் பூசுவாங்க. நான் பொறந்தப்போ எனக்கும் பூசினாங்களாம். நல்லதுதான். ஆனா எனக்கு இப்போ ஒண்ணும் தெரியலையே. வெந்நீரும் சோப்பும் குடுங்க.”

அண்ணிக்கு முகம் சுருங்கிவிட்டது. குளிப்பாட்டின பிள்ளையை மறுபடி குளிப்பாட்டுவதா? இருந்தாலும் நர்ஸம்மா சொல்லாயிற்றே, தண்ணீர் கொண்டுவந்தார். நர்ஸ் நிதானமாக, மடிப்பு மடிப்பாகக் கழுவினார். முதல் தண்ணீர் மஞ்சளாகப் போனது. இரண்டாம் தண்ணீர் வெளுப்பாகப் போனது. மூன்றாம் தண்ணீரில் ஒன்றுமே இல்லை. துடைத்து ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் பிடித்தார். குழந்தை அப்படியே மஞ்சளாக இருந்தது.

“ஊறிப்போச்சு சிஸ்டர்” என்றார் அண்ணி. “ஏழு நாளா பூசுறோம் இல்ல, தோல்ல புடிச்சிக்கிச்சு.”

நர்ஸ் குழந்தையின் இமையை விரல் நுனியால் மெதுவாக விலக்கினார். வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் எலுமிச்சம்பழ நிறத்தில் இருந்தது.

“இங்க யார் பூசினது?” என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். என் மகள் கண்ணைத் திறந்து நான் பார்த்து இரண்டு நாள் ஆகியிருந்தது. சமத்து, சமத்து என்று மூடிய இமையையே பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவியிருக்கிறார், அவள் ஒரு முனகல்கூட முனகவில்லை.

“எத்தனை மாசத்துல பொறந்தது?” என்றார் நர்ஸ்.

“ஒம்போது” என்றார் அண்ணி.

நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இரண்டாம் தடவையாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இதை எழுதும்போதுகூட எனக்கு என்னையே நாலு அறை அறைய வேண்டும்போல இருக்கிறது.

நர்ஸின் லேண்ட்ரோவரில் ஏறினோம். வண்டி கிளம்பப்போகும் நேரத்தில் அண்ணி, “துணி மறந்துட்டேன்” என்று இறங்கி வீட்டுக்குள் ஓடினார். வந்தபோது கையில் துணி ஒன்றும் இல்லை. அப்போது நான் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. கரும்பு ரயில் குறுக்கே போய்க்கொண்டிருந்தது, ஒவ்வொரு பெட்டியாக, ஆடி ஆடி. நர்ஸ் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். ரயில் எங்கே காது கொடுக்கும்?

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர் ஒருவர் பார்த்தார். குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்து அனுப்பினார். பிறகு அவர் செய்ததுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. குழந்தையின் காது மடலை விரலால் மடித்துவிட்டுக் கையை எடுத்தார். மடித்தது மடித்தபடி கிடந்து, மெல்ல மெல்ல விரிந்தது. உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். ரேகை முன்பக்கம் ஒன்றிரண்டுதான் இருந்தது, மீதி வழவழவென்று இருந்தது. ரத்தத்தின் முடிவு வந்ததும் காகிதத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஒன்பது மாதம் என்று எழுதியிருக்கிறது. இந்தக் காது அப்படிச் சொல்லவில்லை” என்றார். “நன்றாகக் கேளுங்கள். இந்த அளவு மஞ்சள் காமாலை முழு மாதத்துப் பிள்ளைக்கு இருந்தால், பாலைக் கூட்டிக் கொடுத்து நாளைவரை பார்க்கலாம். மாதம் குறைந்த பிள்ளைக்கு அப்படிப் பார்க்க முடியாது. அதன் ஈரல் இன்னும் பச்சை. பாலை இழுத்துக் குடிக்கவும் தெம்பிருக்காது, பசித்தால் அழாது, தூங்கிவிடும். குடிக்காததால் மஞ்சள் ஏறும், மஞ்சள் ஏறுவதால் இன்னும் தூங்கும். அது மூளைக்குப் போய்விட்டால் என்னால் திருப்பிக் கொண்டுவர முடியாது. எத்தனை மாதம்?”

“எட்டு” என்றேன்.

அண்ணி என் கையைப் பிடித்தார். வளையல் சதையில் அழுந்தியது. “சொல்லாதடி” என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

“எட்டு” என்றேன் மறுபடியும். “எட்டுதான். பொய் சொன்னோம்.”

டாக்டர் அண்ணியைப் பார்த்தார். “கார்டு இருக்கிறதா? தேதி தெரிந்தால் எனக்கு நல்லது.”

அண்ணி மாராப்புக்குள் கையை விட்டு, நாலாக மடித்த அந்த மஞ்சள் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். துணி மறந்துவிட்டது என்று வீட்டுக்குள் ஓடினது இதற்குத்தான். கொண்டுவரவும் மனம் வந்திருக்கிறது, கொடுக்கத்தான் வரவில்லை.

குழந்தையை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியதுதான் தாமதம், எனக்குள் இருந்ததெல்லாம் கொட்டிவிட்டது. அந்த வராந்தாவில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்களோ தெரியாது. “கார்டை ஒளிச்சு வச்சியா? எம்புள்ள உயிரோட விளையாடுனியா? நீ பறிகுடுத்தது பத்தலன்னு என்னோடதையும் குடுக்கப் பாத்தியா?” என்று கத்தினேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அண்ணியை நான் ‘நீ’ என்று சொன்னதில்லை. அன்று வாயில் வேறெதுவும் வரவில்லை.

எப்போதும் எனக்கு முன்னால் பேசி முடிக்கிறவர் அன்று பேசவே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தார். நான் கத்தி ஓய்ந்த பிறகு, “அந்த மாசத்தை வாயால சொல்லாம இருந்தா அது நம்ம ஊட்டுப் பக்கம் வராதுன்னு நெனச்சேன்டி” என்றார். அதற்குமேல் எனக்கும் கத்த வரவில்லை. நானும்தானே இரண்டு தடவை வாயை மூடிக்கொண்டு இருந்தேன்?

உள்ளே போய்ப் பார்க்க விட்டார்கள். ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குமேல் வரிசையாக நீல ட்யூப்லைட். கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டி, இடுப்பில் ஒரு துண்டு மட்டும் வைத்துப் படுக்கவைத்திருந்தார்கள். மூக்கில் மெல்லிய குழாய். அந்தக் குழாய் வழியாக நான் பீய்ச்சிக் கொடுத்த பால் சொட்டுச் சொட்டாக இறங்கியது. காலையில் மறுபடி ரத்தம் எடுப்பார்கள், மஞ்சள் இறங்காவிட்டால் உடம்பிலிருக்கிற ரத்தத்தையே மாற்ற வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். எனக்கு வேறொன்றும் செய்யத் தெரியவில்லை. பாலைப் பீய்ச்சினேன். நேரமானதும் மறுபடி பீய்ச்சினேன். அழுதுகொண்டே பீய்ச்சினேன்.

மறுநாள் காலை டாக்டர் காகிதத்தோடு வந்தார். “இறங்க ஆரம்பித்துவிட்டது. ரத்தம் மாற்ற வேண்டாம்” என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காலில் விழப்போனேன், மனிதர் வெட்கப்பட்டு இரண்டடி பின்வாங்கிவிட்டார். மத்தியானம் குழந்தை அழுதது. பூனைக்குட்டி மாதிரி ஒரு சின்னச் சத்தம்தான். நானும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். வராந்தாச் சண்டைக்குப் பிறகு அதுதான் முதல் சமாதானம்.

இரண்டு நாள் கழித்து வட்டாரத்து நர்ஸ் எங்களைப் பார்க்க வார்டுக்கு வந்தார். கையில் அவர் தோட்டத்துப் பப்பாளி. குழந்தையைப் பார்த்து, கண்கட்டை நகர்த்தி அதன் இமையை விலக்கிப் பார்த்து, “வினாக்கா, வினாக்கா” என்று கண்ணாடிப் பெட்டியைத் தட்டிக் கொடுத்தார். நல்லது, நல்லது என்று அர்த்தம். அவர் கிளம்பும்போது அண்ணி எழுந்து வழியில் நின்றுகொண்டார்.

“சிஸ்டர், ஒண்ணு கேக்கணும். எனக்கு ஒரு பையன் பொறந்தான். அந்த மாசம்.” நிறுத்தினார். “அவனும் இப்படித்தான் தூங்கினான். அழவே இல்ல. எல்லாரும் நல்ல புள்ளன்னாங்க. அவனுக்கும் நான் மஞ்சள் பூசினேன். ஒம்போதாம் நாள் போயிட்டான். நான்தான் ராசி இல்லாதவள்னு சொன்னாங்க. அது அந்த மாசத்தோட குத்தமா, சிஸ்டர்?”

நர்ஸ் கையிலிருந்த குடையைச் சுவரில் சாய்த்துவைத்தார்.

“மாசம் யாரையும் கொல்லாது, அக்கா. நான் அந்தப் பையனைப் பாக்கல, அதனால இதுதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொல்றதப் பாத்தா, இவளுக்கு வந்ததுதான் அவனுக்கும் வந்திருக்கும். குடிக்கிறதுக்குத் தெம்பில்ல. பசின்னு சொல்லத் தெரியல. அப்போ இங்க இந்த லைட்டும் இல்ல, உங்க வீட்டுக்கு வந்து பாக்க என்னை மாதிரி ஆளும் இல்ல. உங்க தப்பு ஒண்ணும் இல்ல.”

அவர் போன பிறகு அண்ணி கட்டில் விளிம்பில் வந்து உட்கார்ந்தார். நீல வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவனுக்குப் பசிச்சிருக்குடி” என்றார்.

அப்புறம் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இருபத்தைந்து வருடம் விதி, ராசி, மாதம் என்று எதையெதையோ சுமந்தவர், அன்றைக்குத்தான் தன் பிள்ளைக்காக அழுதார் என்று எனக்குத் தோன்றியது. நான் அவர் முதுகைத் தடவினேன். “அண்ணி” என்று கூப்பிட்டேன்.

அடுத்த நாள் பஸ் பிடித்து லோவுவுக்குப் போய்விட்டு மத்தியானமே திரும்பி வந்தார். மடியிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே வெள்ளிப் பாலாடை. கொக்கு அலகு மாதிரி மூக்கு வைத்த, உள்ளங்கையில் அடங்குகிற கிண்ணம். எங்கள் ஆட்கள் குழந்தைக்கு மருந்தும் பாலும் புகட்டுவது இதில்தான். அவருடைய பையனுக்காக வாங்கி, டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. வார்டு நர்ஸ் முதலில் சந்தேகமாகப் பார்த்தாள். பத்து நிமிஷம் கொதிக்கவைத்த பிறகு, சரி, என் கண் முன்னால் செய்யுங்கள் என்றாள். குழாயை எடுத்துவிட்டார்கள், ஆனால் மாரில் குடிக்க இவளுக்கு இன்னும் தெம்பு வரவில்லை. அண்ணி குழந்தையைச் சாய்த்துப் பிடித்து, பாலாடை மூக்கைக் கீழுதட்டில் வைத்து, துளித்துளியாக விட்டார். நாக்கு நீண்டது. நக்கியது. விழுங்கியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, தூங்கினால் உள்ளங்காலைச் சுண்டி எழுப்பிப் புகட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுவர்க் கடிகாரம் ஒரு நிமிஷம் தாண்ட அண்ணி விடமாட்டார். நான் கண்ணசந்தால் எனக்கும் ஒரு சுண்டு விழும். “எழுந்திரிடி, பால் பீச்சு. புள்ள பெத்தவளுக்குத் தூக்கம் என்ன தூக்கம்?”

சனிக்கிழமை என் வீட்டுக்காரர் ரராவாயிலிருந்து வந்தார். விஷயமெல்லாம் கேட்டு முகம் வெளுத்துவிட்டது. “எனக்கு ஏன்க்கா ஆள் அனுப்பல?” என்று அக்காவிடம் பாய்ந்தார். “நீ வந்து பால் குடுத்திருப்பியா? தள்ளு, நேரமாச்சு” என்றார் அக்கா. பழைய அண்ணி திரும்பிவிட்டார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

மொத்தம் பதினொரு நாள் இருந்தோம். கடைசியில் மாரிலும் குடிக்கத் தொடங்கினாள். வீட்டில் இன்னும் கொஞ்ச நாள் பாலாடையிலும் புகட்டச் சொல்லி அனுப்பினார்கள். அன்று வார நாள், வீட்டுக்காரர் ஆலையில். பஸ்ஸில்தான் திரும்பினோம். ஜன்னலில்லாத பழைய பஸ், மழைக்கு இறக்குகிற தார்பாய் சுருட்டிக் கட்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் தலையில் முக்காடு போட்ட ஒரு வயதான முஸ்லிம் அம்மா, அவரும் நம் பக்கத்து ஆள்தான், நல்ல தமிழ் பேசினார். குழந்தையைப் பார்த்து, “மாஷா அல்லா” என்றார். பிறகு அதன் பொடி விரலைத் தொட்டுப் பார்த்து, “ரொம்பப் பொடுசா இருக்கே. எத்தன மாசத்துல பொறந்துச்சு?” என்று கேட்டார்.

அண்ணியைப் பார்த்தேன்.

“எட்டு” என்றார் அண்ணி.

அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டாம். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாவின் கை குழந்தையின் விரலை விட்டது. “எட்டா? ஐயோ, எட்டு ஆகாதும்பாங்களே...”

“எட்டு என்னம்மா பண்ணும்? பசிதான் பண்ணும்” என்றார் அண்ணி. பிறகு என்னிடம், “மணி என்னடி?” என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் மடியில் பாலாடையையும் நான் பீய்ச்சிக் கொடுத்திருந்த பால் சீசாவையும் எடுத்து வைத்துக்கொண்டு, குழந்தையை வாங்கி, துணியை விலக்கி உள்ளங்காலைச் சுண்டினார்.

“தூங்குற புள்ளய ஏம்மா எழுப்புறீங்க? பாவம்” என்றார் அந்த அம்மா.

“எழுப்பாம விட்டு ஒருத்தன் போயிட்டாம்மா” என்றார் அண்ணி. “கொஞ்சம் தள்ளி உக்காருங்க, கை இடிக்குது.”

அந்த அம்மா தள்ளி உட்கார்ந்தார். என் மகள் வீல் என்று கத்தி விழித்தாள். அண்ணி குனிந்து முதலில் அந்தக் கண்ணைப் பார்த்தார், பிறகுதான் பாலை விட்டார்.